ஆத்தப்பக் கவுண்டர் கொடுத்த சர்க்கரை

எங்கள் வீதியில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரைக் காப்பி குடிக்காமல் அனுப்ப மாட்டார்கள். சண்டைக்கு வந்தவனுக்கும் முதலில் காப்பி, அப்புறம்தான் சண்டை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. ஆத்தப்பக் கவுண்டரை இந்தப் பழக்கம் என்ன பாடு படுத்தியது என்று பார்த்த பிறகு, இதை மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பெயர் பசீர் அகமது. வேலம்பாளையத்தில் நானும் ஆத்தப்பக் கவுண்டரும் கூட்டாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினோம். அவர் கொமரலிங்கத்துக்காரர். அங்கே அமராவதித் தண்ணீர் பாயும் கரும்புத் தோட்டத்தை வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். யாரோ பனியனில் பணம் இருக்கிறது என்று சொல்ல, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மனைவி நஞ்சம்மாளோடு இங்கே வந்துவிட்டார். நான் நூல் வியாபாரி. அவருக்கு மெஷின் தெரியும், எனக்குச் சரக்கு வாங்குகிற கல்கத்தாக்காரனோடு பேசத் தெரியும். இரண்டு பேருக்கும் எப்படியோ ஒத்துப்போயிற்று. இரண்டு வீடும் ஒரே வீதியில், கம்பெனி அதே வீதியின் கடைசியில்.

கவுண்டருக்கு அறுபது தாண்டியிருந்தது. சர்க்கரை வியாதி அதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. வலிக்காத வியாதியை எங்கள் பக்கம் வியாதியாகச் சேர்ப்பதில்லை. பணக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று யாரோ சொன்னதில் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். அப்புறம் ஞாபகமே வரவில்லை.

முதலில் பெயர்கள் போயின. கட்டிங் மாஸ்டரை டெய்லர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டெய்லரைச் செத்துப்போன தன் மாமன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டெய்லரும் பாவம், "ஏனுங்க" என்று எழுந்து வந்தான். அப்புறம் ஒரு நாள், வெளுத்து வந்த துணியை இன்னும் வெளுக்கவில்லை என்று சொல்லி மறுபடியும் சலவைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். பெரிய மனிதர் அனுப்பினால் பட்டறைக்காரர் மறுத்துப் பேசுவாரா? மறுபடியும் சலவைக் காரத்தில் போட்டு, மறுபடியும் வெளுத்து, மறுபடியும் காயவைத்து அனுப்பினார். தைத்துப் பார்த்தால் பனியன் கொசுவலையாக இருந்தது. கல்கத்தாக்காரனுக்கு நான் என்ன சமாதானம் சொன்னேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

நஞ்சம்மாளும் நானும் அவரைக் கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் கவுண்டரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கவுண்டர் பரிவோடு விசாரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிடந்திருக்கு. அது கண்ணையும் காலையும் மட்டும் பிடிக்கும்னு நினைக்காதீங்க, மூளையையும் விடாது. முதல்ல சர்க்கரையைக் கீழ கொண்டு வாங்க. அப்புறம் பார்ப்போம்" என்றார்.

இந்த "அப்புறம் பார்ப்போம்" எனக்குப் பிடிக்கவில்லை. சரக்கு பிடிக்காத வியாபாரி சொல்லுகிற வார்த்தை அது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது நஞ்சம்மாள் முகம் தெளிந்திருந்தது. "சர்க்கரை எறங்கிருச்சுன்னா எல்லாம் சரியாப் போயிருமுங்கண்ணா. டாக்டரே சொல்லிப்போட்டாரு" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அதைத் திருத்துவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கவுண்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த ஊர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறோம் என்று கேட்டார்.

அன்றிலிருந்து நஞ்சம்மாள் வீட்டில் ஒரு கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தில் அப்படித்தான். குழாயில் ஒரு நீல மருந்துத் தண்ணீரை ஊற்றி, அதில் நோயாளியின் மூத்திரத்தைச் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதற்கு மேல், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. நஞ்சம்மாள் தினமும் காலையில் கொல்லையில் உட்கார்ந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு காய்ச்சினார். தினமும் செங்கல்தான் வந்தது. அந்தச் செங்கலையெல்லாம் சேர்த்திருந்தால் கம்பெனிக்கு இன்னொரு ஷெட் கட்டியிருக்கலாம்.

அவர் பத்தியத்தில் குறை வைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் அரிசி சமைப்பதை விட்டார். காலையில் ராகிக் களி, மத்தியானம் கோதுமை, ராத்திரி மறுபடி ராகி. மாத்திரையைத் தானே கவுண்டர் வாயில் போட்டு, அவர் விழுங்குகிறவரை எதிரே நின்றார். வீட்டில் இருந்த சர்க்கரையை, எறும்புக்குக்கூட மிச்சம் வைக்காமல் எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். தானும் இனிப்பில்லாமல்தான் காப்பி குடித்தார். எல்லாம் செய்தும் குழாயில் செங்கல்தான் வந்தது. மருந்துத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகம் வந்து, என் மனைவி சபுரா பீவி மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பினார். சர்க்கரை இல்லாத ஒருத்தருடையதைக் காய்ச்சிப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். கூட்டாளிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? கொடுத்தேன். பச்சை வந்தது. அன்றிலிருந்து என் வீட்டிலும் ராகிக் களி.

மர்மம் உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஏதோ எடுக்கக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டில் என் நாற்காலியில் கவுண்டர் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட காப்பியும் முறுக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க பாய், உக்காருங்க" என்று எனக்கே உபசாரம் செய்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்து, உள்ளே போய் சபுராவைப் பிடித்தேன்.

"காலையில ஒருக்கா வந்தாங்க. இது ரெண்டாவது தாட்டி" என்றாள்.

"இப்பத்தானே குடிச்சுட்டுப் போனீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊடு தேடி வந்தவங்ககிட்ட, நீங்க ஏற்கெனவே குடிச்சாச்சுன்னு எப்படிங்க சொல்றது? நாம என்ன சோத்துக்கில்லாத குடும்பமா?"

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எதிர்வீட்டு மருதாளிடம் கேட்டேன். "கவுண்டருங்களா? தினமும் வருவாருங்க. பணியாரம்னா அவருக்கு உசுரு" என்றாள். அடுத்த வீட்டுச் செங்கோட்டையன், தன் வீட்டில் கவுண்டருக்கென்று ஒரு டம்ளரே தனியாக இருப்பதாகச் சொன்னான். அவருக்குச் சர்க்கரை என்பது வீதிக்கே தெரியும். காப்பி குடித்ததை மறந்துவிட்டு மறுபடி வருகிறார் என்பதும் தெரியும். தெரிந்தே வீட்டுக்கு வீடு ஊற்றினார்கள். நஞ்சம்மாள் ஒரு வாசலில் ராகியைக் கிளறிக்கொண்டிருக்க, மற்ற வாசல்கள் எல்லாம் மரியாதையாக அந்த மனிதரைக் கொன்றுகொண்டிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எல்லார் அடுப்பிலும் தண்ணீர் ஊற்றியிருப்பேன். என் வீட்டு அடுப்பும் அதில் உண்டு என்பதால் பேசாமல் இருந்தேன்.

நஞ்சம்மாளிடம் சொன்னபோது அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீதியில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் போய், "என்ற ஊட்டுக்காரரு வந்தாருன்னா காப்பி குடுக்காதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்று சொன்னார். எல்லா வீட்டிலும் நஞ்சம்மாளுக்குக் காப்பி கொடுத்தார்கள்.

வீதிக்குத் தர்மசங்கடம். வந்த மனிதரைச் சும்மா அனுப்பினால் அவர் என்ன நினைப்பார்? அவர் மறந்துவிடுவார் என்றேன். "நாங்க மறக்க மாட்டமுங்களே" என்றாள் மருதாள். கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். காப்பி உண்டு, சர்க்கரை மட்டும் கிடையாது. முறுக்கு, பணியாரம் எதையும் கண்ணில் காட்டக் கூடாது. நஞ்சம்மாள் சம்மதித்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் வீதி முழுக்க ஒரே முகமாகக் கசப்புக் காப்பி கொடுத்தது. கவுண்டரும் இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தவர்தானே. கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லை என்று எந்த விருந்தாளியாவது சொல்வானா? முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்து, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதேதான்.

குழாய் மாறியது. செங்கல் போய் ஆரஞ்சு வந்தது. நஞ்சம்மாள் அதை எடுத்துக்கொண்டு வீதிக்கே ஓடிவந்து காட்டினார். இன்னும் கொஞ்ச நாளில் மஞ்சள். நஞ்சம்மாளுக்கு வயது குறைந்தது மாதிரி இருந்தது. "இன்னைக்கு என்ற பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருங்கண்ணா" என்பார் ஒரு நாள். மறுநாள் ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். "நீலம் வரட்டும், நீலம் வரட்டும்" என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கும் அந்த நம்பிக்கை ஒட்டிக்கொண்டது. எனக்கும் என் கூட்டாளி வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு விநோதம் பார்த்தேன். தையல் பகுதியில் இரண்டு டெய்லர்கள் கைக்குட்டை அளவில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிக் கழித்த பனியன் துணியில், வாயில் நாடா வைத்த சின்னச் சின்னப் பைகள். எந்த ஆர்டர் என்று கேட்டேன். "கவுண்டர் ஆர்டருங்க" என்றார்கள்.

கவுண்டரைத் தேடிக் குடோனுக்குப் போனேன். கொமரலிங்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த நாட்டுச் சர்க்கரை மூட்டையைப் பிரித்து வைத்து, பைகளில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பாய், ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. நம்ம வீதியே கஷ்டத்துல கெடக்குதுங்க. ரேஷன்ல சர்க்கரையே போடறதில்லையாட்ட இருக்குது. ஒரு ஊட்டுலயாவது காப்பிக்கு ஒரு கரண்டி சர்க்கரை இல்லை. இருந்தும் பாருங்க, வந்தவனுக்குக் காப்பி குடுக்கறதை மட்டும் நிறுத்தலை. வாயைத் தொறந்து இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. நானும் எப்படிக் கேக்கறது? அதான் சத்தமில்லாம ஊட்டுக்கு ஒரு பை குடுத்துட்டு வர்றேன்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாத மனிதர் அவர். வீதியின் கஷ்டத்தை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. அப்படி ஒரு கஷ்டம் வீதியில் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? நானும் உட்கார்ந்து ஒரு பைக்கு நாடா கட்டினேன்.

ஆனால் கொடுத்ததை மறந்துவிடுவார். அதனால் தினமும் கொடுத்தார். விருந்தாளி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீதிக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு, கசப்புக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, கொல்லை வழியாக அந்தப் பையை நஞ்சம்மாளிடம் சேர்த்தார்கள். நஞ்சம்மாள் என்னிடம் கொடுத்தார். நான் குடோனில் கொண்டுபோய் மூட்டையில் கொட்டினேன். கவுண்டர் மறுபடி அள்ளினார். நாடே சர்க்கரைக்கு ரேஷன் கடை வாசலில் நின்ற காலத்தில், எங்கள் வீதியில் ஒரு மூட்டைச் சர்க்கரை தேர் மாதிரி சுற்றி வந்தது. ஒருவரும் வாயில் போடவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் நீலம் வந்தது.

நஞ்சம்மாள் ஆள் அனுப்பாமல் தானே வந்து எங்களை அழைத்துப்போனார். சபுராவும் நானும் போய் முன்கூடத்தில் உட்கார்ந்தோம். குழாய் ஜன்னல் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. காய்ச்சின பிறகும் மாறாத சுத்தமான நீலம். அதைச் சாமி படம் மாதிரி ஜன்னலில் வைத்திருந்தார். வீடு கழுவிவிட்டிருந்தது. நல்ல சேலை கட்டியிருந்தார்.

"அவருகிட்ட இன்னும் சொல்லலீங்கண்ணா. வழக்கம்போல வீதிக்குக் கெளம்பிப் போயிட்டாரு. வரட்டும். வந்ததும் உங்க முன்னாடியே சொல்றேன்" என்றார். "இனி கம்பெனிக்கும் ஒழுங்கா வருவாருங்க. உங்களுக்குத்தான் பாவம், இத்தனை நாளா ஒத்தையில இழுத்துட்டுக் கெடந்தீங்க."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியவில்லை.

கவுண்டர் வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வராமல் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். நஞ்சம்மாள் எழுந்து போனார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுல பெரியவங்க இருக்கறாங்களா?" என்றார் கவுண்டர்.

நஞ்சம்மாளின் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அட, பாய்! நீங்களும் இங்கதான் காப்பிக்கு வர்றீங்களா? சொல்லவே இல்லை பாருங்க!"

என்னை அவருக்குத் தெரிந்தது. என்னை ஏன் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

மடியிலிருந்து ஒரு பனியன் துணிப் பையை எடுத்து நஞ்சம்மாள் கையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்க ஊட்டுலயும் சர்க்கரை இருக்காதுன்னு தெரியுமுங்க. கோவிச்சுக்காதீங்க, வெச்சுக்கங்க. எங்க ஊட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. நான் இனிப்புப் பக்கம் போனாலே சங்கடப்படுவா. பாவம், எனக்காக அவளும் சர்க்கரையை விட்டுட்டா."

சபுரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நஞ்சம்மாள் ஜன்னலைப் பார்த்தார். நீலம் அப்படியே நின்றது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. மூத்திரத்தில் சர்க்கரை இல்லை என்று சொன்னது. அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை, நாங்களாகச் சேர்த்துக்கொண்டதுதான்.

நஞ்சம்மாள் ஒதுங்கி வழி விட்டார்.

"உள்ள வாங்க. உக்காருங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

கவுண்டர் தன் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வீடு சுத்தமாக இருப்பதாக என்னிடம் மெதுவாகப் பாராட்டினார். உள்ளே அடுப்பூதுகிற சத்தம் கேட்டது. நஞ்சம்மாள் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். கவுண்டர் கசப்புக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மறுபடி குடித்தார்.

"இந்த வீதியிலயே உங்க ஊட்டுலதானுங்க காப்பி காப்பியாட்ட இருக்குது" என்றார்.

நஞ்சம்மாள் கையில் இருந்த பையின் நாடா அவிழ்ந்திருந்ததை நான் பார்த்தேன். சபுராவும் பார்த்தாள். எனக்கு அழுதுவிடுவேன் போலிருந்தது. விருந்தாளி முன்னால் அழக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

டம்ளரை வைத்துவிட்டு அவர் எழுந்தார். "வர்றேனுங்க. நேரமாச்சு. ஊட்டுல தேடுவாங்க."

"ஆமாங்க, தேடுவாங்க" என்றார் நஞ்சம்மாள். "நானும் அந்தப் பக்கந்தான் போறேன். கூட வர்றேன், வாங்க."

இரண்டு பேரும் வீதியில் இறங்கினார்கள். முன்னால் கவுண்டர், பின்னால் தள்ளி நஞ்சம்மாள். அவர்கள் எப்போதும் நடக்கிற மாதிரிதான் நடந்தார்கள். நானும் சபுராவும் வாசலோரம் ஒதுங்கி நின்று பார்த்தோம். பிள்ளையார் கோயில்வரை போய், அதைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். வீடு நெருங்கியதும் நஞ்சம்மாள் நடையை எட்டிப் போட்டு, அவருக்கு முன்னால் வந்து, உள்ளே நுழைந்து, வாசற்படியில் திரும்பி நின்றுகொண்டார்.

கவுண்டர் படியேறி வந்து அவரைப் பார்த்தார்.

"ஏ புள்ள, தண்ணி கொண்டா" என்றார்.

நஞ்சம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "எங்கீங்க போயிட்டு வர்றீங்க?"

"அக்கட்டால ஒரு ஊட்டுக்குப் போயிருந்தேன். நல்ல மனுசி. நல்லாக் காப்பி குடுத்துச்சு." தண்ணீரைக் குடித்து முடித்து, சொம்பை நீட்டினார். "ஒத்தையில கெடக்குதாட்ட இருக்குது, பாவம். நீ ஒருக்கா போயிப் பார்த்துட்டு வா, புள்ள."

"போறனுங்க" என்றார் நஞ்சம்மாள்.